காலிங்பெல் அடித்தால் பாய்க்கு ஓடும் நாய்: ஒரு வேலைக் குறிப்பு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிய வீடு. தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் திண்ணை, திண்ணையை மூடி இரும்பு கிரில், அதற்குப் பின்னால் மரக்கதவு, உள்ளே கூடம். நாய் மூன்று வயது, பதினோரு கிலோ, நாட்டு நாயும் ஸ்பிட்ஸும் கலந்தது. முன்பெல்லாம் கிரில் கேட்டில் யார் கை வைத்தாலும் குரைப்பு. வந்தவர் உள்ளே வந்து உட்கார்ந்து காபி குடித்து முடித்தாலும் நிற்காது. இப்போது பெல் அடித்ததும் ஒன்றிரண்டு குரை குரைத்துவிட்டு, கூடத்து மூலையில் கிடக்கும் பாய்க்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது. எல்லா நேரமும் இல்லை, பெரும்பாலும்.

"குரைக்காத நாயை எதுக்கு வளர்க்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதனால் குரலை அடக்குவதை இலக்காக வைக்கவில்லை. ஒன்றிரண்டு குரைத்துத் தகவல் சொல்லட்டும், பிறகு போய்ப் படுக்கட்டும் என்பதுதான் திட்டம். பெல் அடித்தால் செய்வதற்கு நாய்க்கு வேறொரு வேலை இருக்க வேண்டும். "குரைக்காதே" என்பது ஒரு வேலை அல்ல, நாயால் அதைச் செய்ய முடியாது. "பாய்க்குப் போ" என்பதைச் செய்ய முடியும்.

முதலில் கணக்கெடுப்பு

நாட்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். வந்தது யார், எந்தச் சத்தத்தில் குரைப்பு ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி நின்றது என்று ஒரு வாரம் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால் நினைத்தது ஒன்று, இருப்பது ஒன்றாக இருக்கும். இந்த வீட்டில் காலிங்பெல் பட்டியலின் கீழேதான் வந்தது. நம்மூரில் பெல்லைத் தேடி அழுத்துபவர்கள் குறைவு. கேட் தாழ்ப்பாளை டக் டக்கென்று தட்டி "அக்கா, தண்ணி கேன்!" என்பார்கள். அந்தத் தாழ்ப்பாள் சத்தம்தான் முதலிடம். அடுத்தது பைக் வந்து நின்று ஸ்டாண்ட் போடும் சத்தம், அதற்கடுத்தது கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கும் சத்தம். பூக்கார அம்மா குரலுக்குக் குரைப்பே இல்லை. தினமும் அதே நேரம், அதே குரல்.

அதிக நேரம் குரை வாங்கியவர்கள் பார்சல் கொண்டுவருபவர்கள். காரணம் எளிது. அவர்கள் வருவார்கள், நாய் குரைக்கும், அரை நிமிடத்தில் போய்விடுவார்கள். தான் குரைத்ததால்தான் ஆள் ஓடினான் என்று நாய் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பார்சலும் குரைப்புக்குக் கிடைக்கும் ஒரு வெற்றி. பழக்கும் காலத்தில் இந்த வெற்றியை நிறுத்தாவிட்டால், காலையில் பழக்கியது மதியம் ஒரு டெலிவரியில் கரைந்துபோகும். அதனால் முதல் நாளே கிரில்லின் வெளிப்பக்கம் ஒரு பெரிய துணிப்பை தொங்கவிட்டு, "பார்சலை இதில் போடவும், போன் செய்யவும்" என்று எழுதி மாட்டியாயிற்று. ஓ.டி.பி. கேட்கும் பார்சல் மட்டும் விதிவிலக்கு. அது வரும் நேரத்தில் நாய் உள்ளறையில், மின்விசிறி ஓட, கதவு சாத்தியிருக்கும்.

பார்வையை மறைத்தல்

கிரில் வழியாகத் தெரு தெரியும்வரை நாய்க்கு நாள் முழுக்கக் காவல் வேலைதான். கீழ்ப் பாதியை அடைக்க வேண்டும். உயரத்துக்குக் கணக்கு: நாய் பின்னங்காலில் நின்றால் மூக்கு எங்கே வருகிறதோ, அதற்கு மேல் அரை அடி. இந்த நாய்க்கு மூன்றடி போதுமாக இருந்தது.

முதலில் பச்சை நிழல்வலையை ஜி.ஐ. கம்பியால் கட்டியது சரிப்படவில்லை. மதியத்துக்குமேல் கடல்காற்று எழும்பினால் வலை படபடவென்று அடிக்கும். அந்தச் சத்தத்துக்கே நாய் எழுந்து குரைக்க ஆரம்பித்தது. உப்புக்காற்றில் கம்பியும் சீக்கிரம் துருப்பிடித்து, கிரில் பெயின்டில் கறை இறங்கியது. மாற்றாகப் போட்டது விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்தும் சன்பேக் ஷீட், 5 மி.மீ. கனம். பலகைக் கடைகளில் வெட்டு மிச்சம் மலிவாகக் கிடைக்கும். ஆணியைச் சூடுபண்ணி ஓட்டை போட்டு, அரை அடிக்கு ஒன்றாகக் கேபிள் டை போட வேண்டும். கறுப்பு டை வாங்குவது நல்லது, வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். திண்ணை கழுவும் தண்ணீர் ஓட அடியில் இரண்டங்குலம் இடைவெளி விட்டிருந்தோம். நாய் தாடையைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை அந்த இடைவெளியில் ஒட்டிப் படுத்துக்கொண்டது. செருப்புக் கால் தெரிந்தாலே போதும், ஆரம்பித்துவிடும். ஷீட்டை இறக்கி இடைவெளியை அரை அங்குலமாக்கியதும் அந்தக் கண்காணிப்பு நின்றது.

மறைத்த முதல் சில நாட்களில் சத்தத்துக்குக் குரைப்பது கொஞ்சம் கூடும். ஆள் தெரியாமல் சத்தம் மட்டும் வருவதால் அப்படி. அதைப் பார்த்துவிட்டு ஷீட்டைக் கழற்ற வேண்டாம்.

பெல்

பழைய டிங்டாங் பெல்லுக்கு மூன்று வருடக் குரைப்பு வரலாறு இருக்கிறது. அதை மாற்றியெழுதுவதைவிட வரலாறே இல்லாத புதுச் சத்தத்தில் தொடங்குவது சுலபம். ஒயர்லெஸ் பெல் ஒன்று வாங்கி, பழையதன் இணைப்பைக் கழற்றியாயிற்று (மெயினை அணைத்துவிட்டு). வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ட்யூன்களில் குருவிச் சத்தம், நீளமான பாட்டு இவற்றை விட்டு, சின்னதாக இரண்டு ஸ்வரம் வருவதை வைக்கலாம்.

வெளியே மாட்டும் பட்டனுக்குள் பெரும்பாலும் 23ஏ என்கிற 12 வோல்ட் சிறு செல் இருக்கும். கடலோரத்தில் அதன் முனைகள் பச்சை பூத்துவிடும். முனைகளில் துளி வாஸ்லின் தடவி, பட்டனைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினால் தாங்கும். மழைக்காலத்தில் பட்டன் செத்துவிட்டால் எல்லாரும் மறுபடி தாழ்ப்பாளைத் தட்ட ஆரம்பிப்பார்கள், பழக்கியது பாழ்.

தாழ்ப்பாள் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து போட்டுப் பார்ப்பது எல்லாரும் செய்வது. போன் ஸ்பீக்கரில் அந்தக் கனமான அடிச்சத்தம் வராது. நாய் இரண்டு முறை காதைத் திருப்பிவிட்டு, இது போலி என்று படுத்துக்கொள்ளும். அதில் பழகியது உண்மையான தாழ்ப்பாளுக்கு உதவாது. உதவியது பழந்துணிதான். தாழ்ப்பாள் அடிபடும் இடத்தில் துணியை நாலு சுற்றுச் சுற்றித் தட்டினால் மொத்தென்று ஒரு சத்தம்தான் வரும். நாய் பழகப் பழக ஒரு சுற்றைக் கழற்ற வேண்டும். கடைசிச் சுற்றைக் கழற்றும்போது சத்தம் ஒரேயடியாகத் தாவும். அதற்கு முன் மெல்லிய காடாத் துணிக்கு மாறிவிட்டால் அந்தத் தாவல் குறையும்.

பாயும் தீனியும்

கோரைப்பாய் நன்றாக இருக்கும் என்று தோன்றும், இருக்காது. நாய் படுக்குமுன் பிறாண்டும், கோரை நார் நாராய்ப் பிரியும், பிறகு அதுவே மெல்லும் சாமானாகிவிடும். மடித்த ஜமுக்காளம் மொசைக் தரையில் வழுக்கும். ஓடிவந்து ஏறும் நாய் பாயோடு சேர்ந்து சறுக்கினால், அடுத்த முறை ஏறத் தயங்கும். அடியில் ரப்பர் ஒட்டிய, 2 அடிக்கு 3 அடி மிதியடிதான் நின்றது. ஒரே மாதிரி இரண்டு வாங்க வேண்டும், ஒன்று துவைத்தால் ஒன்று போட. இடம்: கதவிலிருந்து பத்தடி, கதவுக்கு நேர்க்கோட்டில் இல்லாமல் சற்று ஒதுங்கி, பின்னால் சுவர் இருக்கும்படி, ஆனால் கூடத்தில் நடப்பது தெரியும்படி. ஆள் நடக்கும் வழியில் போட்டால் நாய் படுக்காது.

தீனிக்குக் குபேர் மார்க்கெட் நெத்திலியே முதல் தரம். தலையும் குடலும் கிள்ளி, உப்பில்லாமல் இரண்டு மூன்று நிமிடம் வேகவைத்து, வாணலியில் ஈரம் போகப் புரட்டி, இரண்டாகக் கிள்ள வேண்டும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். மீன் கிடைக்காத நாளில் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி. துண்டு அரைக் கொண்டைக்கடலை அளவு இருந்தால் போதும். 100 கிராமில் ஏறக்குறைய இருநூறு துண்டு வரும். ஈரலுக்கு நாய் உயிரை விடும், ஆனால் கூடினால் வயிறு இளகும். குழம்பிலிருந்து எடுத்த துண்டு கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. திராட்சையும் அப்படியே. கொடுத்த தீனிக்கு ஏற்ப ராச்சோற்றைக் குறைக்காவிட்டால் எடை ஏறும்.

இந்தப் புழுக்கத்தில் வெந்த துண்டுகள் அரைநாள்கூட வெளியே நிற்காது. சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் போட்டு, வேண்டியதை மட்டும் எடுக்கலாம். டப்பாவை எறும்பு மொய்க்கும், தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைப்பதைத் தவிர வழியில்லை.

பாய்ப் பழக்கம், பெல் இல்லாமல்

பெல்லைத் தொடாமல், பாயை மட்டும் முதலில் முடிக்க வேண்டும். பாயில் ஒரு துண்டைப் போடு. நாலு காலும் பாயில் வந்ததும் இன்னொன்று. உட்கார்ந்தால் இன்னொன்று. படுத்தால் வரிசையாக நாலைந்து, முன்னங்கால்களுக்கு நடுவே. நாய் தானாகப் பாய்க்குப் போக ஆரம்பித்த பிறகுதான் "இடம்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் அதே சொல். பாட்டி "போய்ப் படு" என்றும் பையன் "கோ கோ" என்றும் சொன்னால் நாய் யார் பேச்சையும் கேட்காது. எழுந்திருக்கவும் ஒரு சொல் வேண்டும், "சரி, போ" என்று. அது இல்லாவிட்டால் எப்போது வேலை முடிந்தது என்று நாயே தீர்மானித்துக்கொள்ளும்.

நேரத்தை இரண்டு நொடி, ஐந்து, பத்து, அரை நிமிடம், ஒன்று, மூன்று நிமிடம் என்று நீட்ட வேண்டும். நேராக ஏற்றிக்கொண்டே போகக் கூடாது, நடுவில் சுலபமானதும் வர வேண்டும். நாய் எழுந்து போனால் திட்டு வேண்டாம், தீனி நின்றுவிடும், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு மூன்று நாலு நிமிடம், பதினைந்து இருபது துண்டு, சாப்பாட்டுக்கு முன்னால். கத்திரி வெயிலில் காலை எட்டுக்கு முன்போ, பொழுது சாய்ந்தோதான். நாக்குத் தொங்க மூச்சு வாங்கும் நாய்க்குத் தீனியில் நாட்டம் இருக்காது.

பெல்லும் பாயும்

இங்கே வரிசைதான் எல்லாம். முதலில் பெல். ஒன்று, இரண்டு என்று எண்ணும் இடைவெளி. பிறகு "இடம்". பாயில் படுத்ததும் ஐந்து துண்டு, ஒவ்வொன்றாக. டப்பா மூடியைத் திறந்துவிட்டுப் பெல்லை அடித்தால், நாய் மூடிச் சத்தத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். பெல் வெறும் பின்னணி ஆகிவிடும். துண்டுகள் முன்கூட்டியே கைக்குள் இருக்க வேண்டும்.

பெல்லின் ஒலிப்பான் முதலில் அடுக்களையில், குறைந்த சத்தத்தில், மேலே ஒரு துணி போர்த்தி இருந்தது. பட்டன் உங்கள் சட்டைப்பையில். யாரும் வாசலில் இல்லை. நாயைக் கூர்ந்து பாருங்கள்: சில அமர்வுகளுக்குப் பிறகு பெல் ஒலித்ததும் முதலில் காது வாசல் பக்கம் போகும், பிறகு தலை உங்கள் பக்கம், பிறகு ஒரு முன்னங்கால் பாயை நோக்கி எழும். அந்தக் கால் எழும் நாளில் "இடம்" என்று சொல்வதை நிறுத்திவிடலாம். இனி பெல்லே அந்தச் சொல். அதற்குப் பிறகுதான் போர்த்திய துணியை எடுப்பது, சத்தத்தை ஒரு படி கூட்டுவது, ஒலிப்பானைக் கூடத்துக்குக் கொண்டுவருவது, எல்லாம் தனித்தனி நாளில்.

குரைத்தால் சத்தம் கூடுதல் என்று பொருள், இரண்டு படி இறங்க வேண்டும். குரைத்து அடங்கியதும் "சமத்து" என்று தீனி கொடுப்பதுதான் இந்த வேலையில் அதிகம் கெடுப்பது. கொஞ்ச நாளில் குரை, நிறுத்து, வாங்கித் தின் என்று மூன்றையும் ஒரே பாடமாக நாய் படித்துவிடும். நிறுத்துவது அழகாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் குரைத்துவிட்டுத்தான் நிறுத்தும். தீனி குரைப்புக்கு முன்னால் விழ வேண்டும், அல்லது பாயில் படுத்து ஐந்து நொடியாவது கழிந்த பிறகு.

கதவு, பிறகு ஆள்

பெல், பாய், பிறகு நீங்கள் எழுந்து கதவை நோக்கி ஓரடி, திரும்பிவந்து துண்டு. பிறகு கதவு வரை. பிறகு தாழில் கை. பிறகு தாழை இழுத்து ஓசை மட்டும். பிறகு நாலு விரற்கடை திறந்து மூடுவது. பிறகு முழுக்கத் திறப்பது, வெளியே ஆளில்லாமல். இதில் தாழ் ஓசைதான் சிக்கல் பண்ணும். அந்த ஓசையில் பாய்ந்தோடத்தான் நாய் பல வருடமாகப் பழகியிருக்கிறது. இந்த ஒரு படிக்கு மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகும் நேரம் பிடித்தாலும் அவசரப்படக் கூடாது.

ஆள் வரும் கட்டத்தில் கயிறு வேண்டும். ஐந்தடி நைலான் கயிறு, கழுத்துப்பட்டையில் அல்லாமல் மார்புப்பட்டையில். சுவரில் கொக்கி அடிப்பது பழைய சுண்ணாம்புச் சுவரில் நடக்காது. பிளக் போட்ட ஓட்டையிலிருந்து பொடி கொட்டி, நாய் இழுத்த இழுப்பில் கொக்கி கையோடு வந்தது. ஜன்னல் கம்பியில் கட்டினால் அசையாது. யாரும் பக்கத்தில் இல்லாதபோது கட்டிவிட்டுப் போகக் கூடாது.

முதலில் வீட்டு ஆளே வெளியே போய்ப் பெல் அடிக்க வேண்டும், அடுத்து நாய்க்குத் தெரிந்த பக்கத்து வீட்டார், கடைசியில் தெரியாதவர். வருபவர் நாயைப் பார்க்கக் கூடாது, "ச்சூ ச்சூ" என்று கொஞ்சக் கூடாது, தலைக்குமேல் கை நீட்டக் கூடாது. உட்கார்ந்த பிறகு நாயாக வந்தால் வரட்டும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், "குரைக்கிற நாய் கடிக்காதுப்பா" என்பார்கள். குரைக்கிற நாய்களும் கடித்திருக்கின்றன. வால் கால்களுக்கு நடுவே செருகி, பின்வாங்கிக்கொண்டே, கண்ணின் வெள்ளை தெரியக் குரைப்பது பயக் குரைப்பு. அப்படிப்பட்ட நாயை ஆள் முன்னால் பாயில் படுக்கவைக்க முயல வேண்டாம். உள்ளறையில் மெல்ல எதையாவது கொடுத்துவிடுவதே நல்லது. கடித்த பழக்கம் உள்ள நாய் இந்தக் குறிப்புக்குள் வராது. கூடை மாதிரியான, மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் வாய்க்கூடும், அனுபவமுள்ள பழக்குநரும் வேண்டும்.

ஆட்களை வைத்துப் பழக்குமுன் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவணை தவறாமல் போட்டிருக்க வேண்டும். பழக்கும்போது யாருக்காவது பல் பட்டுவிட்டால், லேசான கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அமைதியாக இருந்த நாய் திடீரென்று எல்லாவற்றுக்கும் சீற ஆரம்பித்தால் அது பழக்கக் கோளாறாக இல்லாமல் காது வலியாகவோ மூட்டு வலியாகவோ இருக்கலாம். குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலில் அங்கே காட்டுவது நல்லது.

கைவிட்டவை

அதட்டல்: நாய் கத்தும்போது நாமும் கத்தினால், கூட ஆள் சேர்ந்துவிட்டது என்றுதான் நினைக்கும். தண்ணீர்ப் பீச்சி: பீச்சியைக் கண்டால் அடங்கும், காணாவிட்டால் இல்லை. திண்ணையில் கட்டிப்போடுவது: வருகிற ஒவ்வொருவரும் நேரே அதன் மூக்கின்மேல் வந்து நிற்பார்கள், விலகவும் வழியில்லை, குரைப்பு கடியாக மாறுவது அங்கேதான். குரைத்தால் மின்னதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலரை வாங்கவே வேண்டாம். வலியையும் வாசலில் நிற்கும் ஆளையும் நாய் முடிச்சுப் போட்டுவிடும். குரைப்பு அடங்கி, எச்சரிக்கையே இல்லாமல் பாயும் நாய் அப்படித்தான் உருவாகிறது.

செலவு

சன்பேக் மிச்சம் 150, கேபிள் டை 45, பெல் 390, மிதியடி இரண்டு 520, கயிறும் கொக்கியும் 130, துணிப்பையும் லேமினேஷன் அட்டையும் 90. மொத்தம் 1,325 ரூபாய். தீனி தனி. பழக்கும் காலத்தில் வாரத்துக்கு நூறு ரூபாய் சுமாராக ஆகும், நெத்திலி விலை ஏறும் மீன்பிடித் தடைக்காலத்தில் (கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) கோழிக்கு மாறிவிடலாம்.

மறுபடி செய்வதானால் தாழ்ப்பாளில் தொடங்கி, பெல்லை இரண்டாவதாக வைக்கலாம். வருபவர் தட்டுவது அதைத்தான். லேமினேஷன் அட்டையில் "நாய் ஜாக்கிரதை" என்று எழுதுவதற்குப் பதில் "பெல் அடிங்க, கேட்டைத் தட்டாதீங்க" என்று முதல் நாளே எழுதி மாட்டலாம். அதைப் படிப்பவர் பாதிப் பேர்தான், ஆனாலும் பாதிச் சத்தம் குறையும்.

இன்னும் சரியாகாதவை: தெருநாய் குரைத்தால் பதில் குரைப்பது நிற்கவில்லை. அதற்குப் பாய் உதவாது, ஜன்னலைச் சாத்துவதுதான் உதவுகிறது. தீபாவளி வாரத்தில் பழக்கத்தை நிறுத்திவைத்து, பட்டாசு ஓய்ந்த பிறகு இரண்டு படி பின்னாலிருந்து தொடங்குவது மேல். கரண்ட் ரீடிங் எடுப்பவர் பெல்லும் அடிப்பதில்லை, தாழ்ப்பாளையும் தட்டுவதில்லை, நேரே திண்ணைக்குள் வந்து மீட்டர் முன்னால் நிற்கிறார். கிரில்லுக்கு உள்ளே பூட்டுப் போட்டு, மீட்டரை வெளியிலிருந்தே படிக்கும்படி ஷீட்டில் அரை அடிக்குச் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும், நாயின் மூக்கு எட்டாத உயரத்தில்.